இடங்கழியார் ஊரில் ஒரு பிடி நெல்

ஐப்பசி மாதக் கார்த்திகை நட்சத்திரம், அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனார் குருபூசை. "இந்த வருஷம் அவர் ஊருக்கே போயிட்டு வரலாம்பா" என்றார் அம்மா. கிளம்பும்போது வீட்டுக் குதிரிலிருந்து இரண்டு பிடி நெல் அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்.

திருச்சியிலிருந்து மதுரை சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர்தான். இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்கள் ஆண்ட தலைநகரம். முதலில் முசுகுந்தேசுவரர் கோயிலில் தரிசனம். அங்கே பூசை இன்றும் நடக்கிறது. பாதி நெல்லைச் சுவாமி சந்நிதியில் வைத்துவிட்டு மூவர் கோயிலுக்கு நடந்தோம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருக்குவேள் மன்னன் பூதி விக்கிரமகேசரி கட்டியது. தன் பெயரில் ஒன்று, தேவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்று என மேற்கு பார்த்த மூன்று விமானங்கள். இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். சுற்றிலும் சிற்றாலயங்களின் அடிக்கற்கள் புல்லுக்குள் வரிசையாகக் கிடக்கின்றன. விளக்கில்லை, மணியோசையில்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகத் தோன்றியது.

இங்குள்ள கல்வெட்டுச் செய்தி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கோயிலைக் கட்டிய அரசன், மல்லிகார்ஜுனர் என்ற காளாமுக சைவப் பிரிவுத் துறவிக்கு மடமும் அமைத்து, 50 துறவியருக்கு அன்னமிட 11 ஊர்களையும் கொடுத்திருக்கிறான். இடங்கழியார் ஊரில் வேறெப்படி நடக்கும்!

அவர் கதையை அம்மா அந்தக் கல்லில் உட்கார்ந்தே சொன்னார். அடியார்க்கு அமுதளிக்கும் ஒருவர், கையில் ஏதுமில்லாமல் போனதும், நள்ளிரவில் அரண்மனைக் கொட்டாரத்தில் நெல் எடுக்கிறார். காவலர் பிடித்துவந்து நிறுத்துகிறார்கள். ஏன் எடுத்தாய் என்று கேட்ட மன்னர் இடங்கழியார், சிவனடியாருக்குச் சோறிட என்றதும் உருகிப்போய், இவரல்லவா எனக்குப் பண்டாரம், கருவூலம் என்கிறார். அப்புறம் நெல் மட்டுமில்லை, என் செல்வம் முழுவதையும் அடியார்கள் கொள்ளைகொள்ளலாம் என்று பறையறைவிக்கிறார். "மடல்சூழ்ந்த தார்நம்பி இடங்கழிக்கும்..." என்று சுந்தரர் பாடிய வரியைச் சொல்லும்போது அம்மாவின் குரல் தழுதழுத்தது. எத்தனையோ முறை கேட்ட கதை. அந்த ஊர் மண்ணில் கேட்டபோது எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மாடத்து அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டுவிட்டு மூன்றாவது கோயிலின் அடித்தளத்துக்கு வந்தோம். மேலே வானம்தான் கூரை. ஆனால் கீழே தாமரை இதழ்கள் இன்னும் மடங்காமல் விரிந்திருக்கின்றன. வெயில் பட்ட கல் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அம்மா முடிச்சை அவிழ்த்து, மிச்ச நெல்லை ஓர் இதழ்மேல் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஓர் அணில் வந்தது. எங்களைப் பார்த்து ஒரு கணம் தயங்கிவிட்டு, ஒரு நெல்லை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து உமியை உரித்தது. நான் வண்டிச் சாவியை எடுத்தேன். "இரு, அது சாப்பிடட்டும்" என்றார் அம்மா.