குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கேட்ட சத்தம்

எங்கள் காருக்கு 20 வயதுக்கு மேல் ஆகிறது. சில மாதங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கமிருந்து 'டிக் டிக்' என்று விடாமல் ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமெடுக்கும், ஐந்தாறு நிமிடம் ஓடினால் அடங்கிவிடும். வால்வுகளை இயக்கும் டாப்பெட்டின் சத்தமாக இருக்கும் என்று வால்வு இடைவெளியைப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. சரி, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. அந்த நாட்களில் அம்மா காரில் ஏறினாலே தலைவலி என்பார். கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொள்வார். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சரியாகிவிடும். வெயில்தான் காரணம் என்று நினைத்தோம். ஒருநாள் நெரிசலில் நின்றபோது ஏசி காற்றோடு லேசாகப் புகை வாடை வந்தது. அப்போதுதான் அந்தச் சத்தத்தையும் அம்மாவின் தலைவலியையும் சேர்த்துப் பார்த்தேன், உடம்பே ஆடிப்போயிற்று. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வேலை முடியும்வரை காரை எடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

புகை எங்கே கசிகிறது என்று தேடுவதற்கு எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். சத்தம் அடங்கியதும் அதனால்தான். எஞ்சினை அணைத்த நிலையில், வேக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்துக் குழாயைச் சைலன்சர் வாயில் செருகி, சுற்றிலும் துணியால் அடைத்தேன். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டின் மேலிருந்த வெப்பத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். நாலாவது சிலிண்டர் அருகே சோப்பு நுரைத்துப் பொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் விசிறி விரித்ததுபோல் கரி படிந்திருந்தது. மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் மரையிட்ட கம்பிகளான ஸ்டட்டுகளில், கடைசி ஸ்டட்டில் நட்டையே காணோம், ஸ்டட் முறிந்து அரை சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேனிஃபோல்ட் ஒவ்வொரு முறையும் சூட்டில் நீண்டு, குளிரில் சுருங்கும். அந்த அசைவு ஓரங்களில்தான் அதிகம். அதனால் பெரும்பாலும் ஓரத்து ஸ்டட்டுகள்தான் முறிகின்றன.

சைலன்சர் ஓட்டைக்குப் பூசும் பேஸ்ட்டை அந்த இடத்தில் அப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சினை ஒட்டிய சூட்டிலும் அதிர்விலும் அது நிலைக்காது, மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட்டை மாற்றத்தான் வேண்டும்.

மற்ற நட்டுகளைக் கழற்றவே மூன்று நாள் ஆயிற்று. தினமும் மாலையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து, சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டு வந்துவிடுவேன். மூன்றாம் நாள் ஸ்பானரை வைத்து, முதலில் ஒரு நூல் அளவு இறுக்கி, அப்புறம் தளர்த்தினேன். எதிலாவது முரண்டு தெரிந்தால் மறுபடி எண்ணெய். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. துரு செதில் செதிலாக முகத்தில் கொட்டும்.

முறிந்த ஸ்டட் பிளையருக்கு மசியவில்லை. துளை போட்டு எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஸ்டட் இறங்கியிருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம், துளை கொஞ்சம் சாய்ந்தாலும் மரை போய்விடும். வெல்டிங் தெரிந்த நண்பரை அழைத்தேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுத் துளை வழியாகவே பற்றவைத்தார். செந்நிறம் மங்கும்வரை காத்திருந்து ஸ்பானரை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார். கிரீச்சென்று ஒரு சத்தம், ஸ்டட் சுழலத் தொடங்கிவிட்டது. பற்றவைத்த சூடுதான் துருப்பிடியை விடுவித்திருக்கிறது.

கழற்றிய மேனிஃபோல்டின் முகத்தில் நேரான இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்தேன். நாலாவது சிலிண்டர் பக்கம் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.3 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. அப்படியே மாட்டியிருந்தால் புதுக் கேஸ்கெட்டும் சீக்கிரமே போயிருக்கும். பட்டறையில் ஃபேஸிங் செய்து, அதாவது முகத்தைச் சீவி, மட்டமாக்கி வாங்கினேன். ஹெட்டில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினேன், இரும்பு பட்டால் அலுமினியத்தில் கீறல் விழும்.

புது ஸ்டட்டுகள், புது நட்டுகள், புதுக் கேஸ்கெட். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி ஓரம் நோக்கி, மூன்று சுற்றாக, கையேட்டில் சொன்ன டார்க் (திருகும் விசை) அளவுக்கு இறுக்கினேன். திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்டிலிருந்து புகை கிளம்பியது. ஒரு கணம் பகீரென்றது. ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்ததுதான், பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. என் கையேடு சொன்னபடி, மறுநாள் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு எல்லா நட்டுகளையும் மீண்டும் சரிபார்த்தேன். இரண்டு நட்டுகள் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தன.

டேஷ்போர்டில் கார்பன் மோனாக்சைடு காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, முதலில் நான் தனியாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். எண் 0-ஐத் தாண்டவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் அம்மாவை ஏற்றினேன். ஏறியதும் பழக்கத்தில் கண்ணாடியை இறக்கினார். பாதி வழியில், காற்று முகத்தில் அடிக்கிறது என்று அவரே ஏற்றிவிட்டார்.