மேலே கிழிந்த காகிதம்

"அண்ணா, பாருங்க, மேலயே கிழிக்குது."

காட்பாடியில் இன்று காலை, வில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அம்பு விட்ட செய்தித்தாளைத் தம்பி நீட்டினான். அதில் அம்பு முனை போட்ட துளை. அதற்கு ஓர் அங்குலம் மேலே இறகுகள் கிழித்த தடம்.

அம்பின் வால் தூக்கிப் பறக்கிறது. வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி, ஆறடி தள்ளி நின்று மறுபடி. மூன்றாவது முறை துளையும் தடமும் ஒன்றாயின.

ஆனால் அம்பும் தப்பு. 40 பவுண்டு இழுவிசை வில்லுக்கு 340 ஸ்பைன். ஸ்பைன் என்றால் அம்பு எவ்வளவு வளையும் என்ற அளவு. எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். இவனுக்கு 500 அல்லது 600 போதும்.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முழுதாக இழுத்தபின்னும் ரெஸ்டைத் தாண்டி ஓர் அங்குலமாவது நிற்கட்டும். குட்டை அம்பு உள்ளே நழுவினால் கையைத் துளைத்துவிடும்.

அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. வேலூர் வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைக்காதீர்கள். நாண் நீளும், நாணில் குறிபார்க்கும் துளையான பீப் திரும்பிக்கொள்ளும்.