அத்தை தலையில் பகோடா பாயிண்ட்

நேற்று மாலை ஏற்காடு லேடீஸ் சீட். கீழே சேலத்தில் விளக்குகள் எரிய ஆரம்பிக்க, பேரன் போனை நீட்டி ஒரே நிமிடத்தில் நாற்பது படம் எடுத்துவிட்டான். ஒன்றுகூட ஆடவில்லை, பயல்!

1979-ல் அப்பாவின் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவோடு இதே இடத்தில் நின்றிருக்கிறேன். 120 என்கிற ஃபிலிம் ரோலில் 12 படம்தான். ஷட்டருக்கு ஒரே வேகம். பொழுது சாய்ந்தால் ஒன்றும் விழாது. எடுத்ததும், பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வரும்வரை திருகைச் சுற்ற வேண்டும். மறந்தால் ஒரு படத்தின் மேலேயே இன்னொன்று. அப்படித்தான் அத்தை தலையில், ஏற்காட்டின் இன்னொரு காட்சிமுனையான பகோடா பாயிண்ட் முளைத்தது. வீட்டில் இன்றைக்கும் அந்தப் படத்துக்குத்தான் மவுசு.

அப்புறம் 35 மி.மீ. ஃபிலிமுக்கு மாறி, ரோலுக்கு 36 கிடைத்தபோது பெரிய பணக்காரன் ஆன மாதிரி இருந்தது. பேரனின் நாற்பதில் எதைப் பிரிண்ட் போடுவது என்று இரவு முழுக்கச் சண்டை.