“இதுக்கு டாக்ஸ் உண்டா?” என்று கேட்பதற்கு முன்

ஜூலை பிறந்து, வருமான வரி ரிட்டர்ன் போடும் காலம் வந்துவிட்டால் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு இடையே போன் ஓய்வதில்லை. சம்பளம், வாடகை, வங்கி வட்டி இதற்கெல்லாம் யாரும் யாரையும் கேட்பதில்லை. கிளையன்டின் பாஸ்புக்கில் திடீரென்று முப்பது லட்சம் வரவாகியிருக்கும். தோட்டத்தின் ஓரத்தைக் காற்றாலைக்கு விட்ட பணம் இருக்கும். அமெரிக்காவில் வரி பிடித்துக்கொண்டு வந்த யூடியூப் பணம் இருக்கும். அப்போதுதான் பக்கத்து ஊர் நண்பருக்கு ஒரு வாட்ஸ்அப் போகும்: “நிலம் எடுத்த பணம் வந்திருக்கு, டாக்ஸ் உண்டா?”

இப்படிக் கேட்டால் எவ்வளவு அனுபவசாலியாலும் சரியான பதில் சொல்ல முடியாது. பதில் சொல்பவர் தனக்குத் தெரிந்த ஒரு ஃபைலை மனதில் வைத்துச் சொல்வார், கேட்பவர் அதைத் தன் ஃபைலுக்குப் பொருத்திவிடுவார். இரண்டும் வேறு வேறு சட்டத்தில் எடுக்கப்பட்ட நிலமாக இருக்கும். தவறான ரிட்டர்ன்களில் பல, இப்படி நல்ல மனதோடு சொன்ன பதிலில் இருந்துதான் பிறக்கின்றன.

கேட்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. பணம் கொடுத்தது யார், எந்தச் சட்டத்தின் கீழ் அல்லது எந்த ஒப்பந்தத்தின் கீழ், அந்தத் தாளின் நகல், பணம் கைக்கு வந்த தேதி, 26ஏஎஸ்-இல் (ஏற்கெனவே பிடித்த வரியைக் காட்டும் கணக்கு) எந்தப் பிரிவில், யாருடைய பானில் டிடிஎஸ் (பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) விழுந்திருக்கிறது, எந்த ஆண்டுக்கான ரிட்டர்ன். இவை இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு நண்பரே தேவைப்படமாட்டார். நகல் அனுப்பும்போது கிளையன்டின் பெயரையும் பான், ஆதார் எண்களையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். உதவி கேட்கும் அவசரத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நிலம் எடுப்பு இழப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அடிக்கடி வருவதும் அதிகம் குழப்புவதும் இதுதான்.

முதலில் அவார்டு (இழப்பீட்டு உத்தரவு) காப்பியைத் திறந்து, எந்தச் சட்டம் என்று பாருங்கள். 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலம் எடுப்புச் சட்டம் என்றால், அதன் 96-ஆம் பிரிவே அந்த அவார்டுக்கு வருமான வரி கிடையாது என்கிறது. 2016-இல் நேரடி வரிகள் வாரியம் 36-ஆம் எண் சுற்றறிக்கையிலும் இதை உறுதிசெய்தது. வருமான வரிச் சட்டத்தில் தனி விலக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது அதன் சாரம். ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருக்கும். மாநில நெடுஞ்சாலைக்கு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம், தொழிற்பேட்டைக்கு 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம். இந்த மூன்றிலும் 96-ஆம் பிரிவு தானாக வந்து உட்காராது. மத்திய அரசு 2015-இல் ஓர் ஆணை பிறப்பித்து, 2013 சட்டத்தின் இழப்பீட்டு முறையைத் தேசிய நெடுஞ்சாலைக்கும் நீட்டியது. வரி விலக்கும் அதோடு சேர்ந்து வருமா என்பது வழக்கு மன்றத்தில் வாதாட வேண்டிய கேள்வி. ஆகவே விலக்கு கேட்பதானால், எந்த அடிப்படையில் கேட்டோம் என்று ஃபைலில் ஒரு பக்கமாவது எழுதி வைக்க வேண்டும்.

96-ஆம் பிரிவின் விலக்கு கிடைக்கவில்லை என்றால் கதை முடிந்துவிடாது. கிராமப்புற விவசாய நிலமா என்று பாருங்கள். அப்படியானால் அது வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தே அல்ல, மூலதன ஆதாய வரி என்ற பேச்சே எழாது. நகராட்சி எல்லையிலிருந்து தூரம்தான் கணக்கு: மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. இது நேர்க்கோட்டு தூரம். சாலை தூரத்தை மேப்பில் பார்த்துவிட்டு “ஒன்பது கிலோமீட்டர், தப்பித்தோம்” என்று முடிவு செய்தவர்கள் உண்டு, நேர்க்கோட்டில் அது ஏழாக இருக்கும். பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் நிலத்தையும் “கிராமம்தானே” என்று விட்டுவிடக் கூடாது, அங்கேயும் மக்கள்தொகையைப் பார்த்தே ஆக வேண்டும். நகர்ப்புற விவசாய நிலம் என்று ஆகிவிட்டால் 10(37) பிரிவின் விலக்கு இருக்கிறது. நிலத்துக்காரர் தனிநபராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருக்க வேண்டும், நிலம் எடுக்கப்படுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அவரோ அவர் பெற்றோரோ குடும்பமோ அதில் விவசாயம் செய்திருக்க வேண்டும். இதற்கு உயிர்நாடி அடங்கல். பட்டாவும் சிட்டாவும் உரிமையைக் காட்டும், பயிரைக் காட்டுவது அடங்கல்தான். இரண்டு பசலிக்கான (வருவாய்த் துறை ஆண்டு) நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே வாங்கி வையுங்கள். நோட்டீஸ் வந்தபின் ஓடினால் அவர் மாறுதலில் போயிருப்பார்.

எதிலும் விலக்கு இல்லை, வரி கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், நீதிமன்றம் கூட்டிக் கொடுத்த தொகைக்கு வாங்கிய விலை பூஜ்யம், வரி பணம் கைக்கு வந்த ஆண்டில். இடைக்கால உத்தரவில் வந்த பணம் என்றால் இறுதி உத்தரவு வந்த ஆண்டில். வேறு விவசாய நிலம் வாங்கி 54பி பிரிவின் விலக்கு கேட்கும்போது கெடுவை நிலம் எடுத்த நாளிலிருந்து எண்ணிப் பதறாதீர்கள். 54எச் பிரிவு இருக்கிறது, இழப்பீடு கைக்கு வந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும்.

வட்டியில்தான் நிறைய பேர் பணத்தை இழக்கிறார்கள். இழப்பீட்டுக்கு விலக்கு இருக்கிறது என்பதற்காக, தாமதத்துக்கான வட்டிக்கும் விலக்கு என்று எண்ணிவிடக் கூடாது. பழைய 1894 சட்டத்தின் 28-ஆம் பிரிவு வட்டி இழப்பீட்டின் பகுதியே என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையடுத்து வந்த சட்டத் திருத்தம், இழப்பீட்டின் மீதான வட்டியை மற்ற வருமானத் தலைப்பில் கொண்டுவந்து, கைக்கு வந்த ஆண்டிலேயே வரி என்றது. பத்து ஆண்டு வட்டியும் ஒரே ஆண்டில் விழும். அதைப் பத்து ஆண்டுக்கும் பிரித்துப் போட முடியாது. நிலுவைப் பணத்துக்கான 89-ஆம் பிரிவு நிவாரணமும் கிடையாது, அது சம்பளத்துக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் மட்டுமே. இதற்கு ஈடாகச் சட்டம் தருவது 57-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு: வட்டியில் சரிபாதி கழிவு. எந்தச் செலவு ரசீதும் வேண்டாம், புதிய வரி முறையிலும் கிடைக்கும்.

2025-26 கணக்கில் ஒரு கிளையன்டுக்கு வட்டி 20 லட்சம், வேறு வருமானம் இல்லை, 10 சதவீதம் டிடிஎஸ் 2 லட்சம் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி கழித்தால் வருமானம் 10 லட்சம். புதிய முறையில் வரி 40,000, அதுவும் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கான 87ஏ தள்ளுபடியில் போய்விடும். 2 லட்சமும் ரீஃபண்ட். கழிவைக் கேட்காமல் முழு 20 லட்சத்தையும் போட்டால் வரி செஸ்ஸோடு 2,08,000. டிடிஎஸ் போக மேலும் 8,000 கட்ட வேண்டும். ஒரே ஒரு கட்டத்தை நிரப்பாததற்கு ஒரு விவசாயி கொடுக்கும் விலை இது. வட்டியை முழுத் தொகையாகக் காட்டி, கழிவைத் தனியே காட்டுங்கள். நிகரமாக 10 லட்சத்தை மட்டும் போட்டால் ஏஐஎஸ்-ஓடு (வரித் துறை வைத்திருக்கும் வருமானத் தகவல் அறிக்கை) ஒத்துப்போகாமல் கேள்வி வரும்.

இன்னொரு சிக்கல், டிடிஎஸ் விழுந்த இடம். நிலம் எடுத்த துறை நீதிமன்றத்தில் பணம் கட்டிய ஆண்டிலேயே டிடிஎஸ் பிடித்திருக்கும், கிளையன்டின் கைக்குப் பணம் இரண்டு ஆண்டு கழித்துத்தான் வரும். அந்த டிடிஎஸ்-ஐ ரிட்டர்னில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வதாகக் காட்டி, வருமானம் காட்டும் ஆண்டில் பயன்படுத்த வேண்டும். 37பிஏ விதி இதற்கு இடம் தருகிறது. இறந்துபோன அப்பாவின் பானில் பிடித்திருந்தால், வாரிசுகள் பிடித்த அலுவலகத்தில் உறுதிமொழி கொடுத்து டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தச் சொல்வது நல்லது. அது நடக்க மாதங்கள் ஆகும், ஜூலையில் தொடங்கினால் தாமதம்தான்.

விவசாய வருமானத்துக்கு வருவோம். “விவசாய வருமானத்துக்கு வரி இல்லை” என்ற அரை உண்மை பெரிய தீங்கு செய்கிறது. நிலத்திலிருந்து வரும் எல்லாப் பணமும் விவசாய வருமானம் அல்ல. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டால் விவசாய வருமானம். அதே தோப்பைச் சினிமா படப்பிடிப்புக்கு விட்டால் அல்ல. காற்றாலைக்கோ செல்போன் டவருக்கோ விட்ட வாடகையும் அல்ல. கோழிப்பண்ணையும் மாட்டுப்பண்ணையும் அல்ல. நர்சரி நாற்று விவசாயமே, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நீலகிரியில் பச்சைத் தேயிலையை அப்படியே ஃபேக்டரிக்கு விற்கும் சிறு விவசாயிக்கு முழுவதும் விவசாய வருமானம். அவரே வளர்த்து, அவரே தூள் ஆக்கி விற்றால் 8-ஆம் விதிப்படி 40 சதவீதம் தொழில் வருமானம். இலையை வெளியே வாங்கித் தூள் மட்டும் செய்யும் ஃபேக்டரிக்கு இந்த 40:60 கிடையாது, மொத்தமும் தொழில் வருமானம். “டீக்கு எத்தனை சதவீதம்?” என்று மட்டும் கேட்டால் இந்த மூன்றில் எதற்குப் பதில் சொல்வது?

உண்மையான விவசாய வருமானமும் வரியை உயர்த்தும். அது 5,000-ஐத் தாண்டி, மற்ற வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால், இரண்டையும் கூட்டி ஒரு வரி போட வேண்டும். பிறகு விவசாய வருமானத்தோடு அடிப்படை வரம்பைக் கூட்டி இன்னொரு வரி போட்டு, முதலாவதிலிருந்து கழிக்க வேண்டும். புதிய முறையில் மற்ற வருமானம் 12 லட்சம், விவசாயம் 6 லட்சம் என்றால்: 18 லட்சத்துக்கு வரி 1,60,000. விவசாயம் 6 லட்சமும் அடிப்படை வரம்பு 4 லட்சமும் சேர்ந்த 10 லட்சத்துக்கு 40,000. வித்தியாசம் 1,20,000. விவசாயம் நீங்கலாக மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் 87ஏ உண்டு, ஆனால் அதன் உச்சம் 60,000. மீதி 60,000, செஸ்ஸோடு 62,400 கட்ட வேண்டும். “12 லட்சம் வரை வரி இல்லை” என்று டிவியில் கேட்டுவிட்டு வரும் கிளையன்டுக்கு இதை மார்ச்சிலேயே சொல்லிவிட வேண்டும். விவசாய வருமானம் 5,000-க்கு மேல் இருந்தால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போடக் கூடாது. 5 லட்சத்துக்கு மேல் போனால் மாவட்டம், பின்கோடு, ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று எல்லாம் ரிட்டர்ன் படிவம் கேட்கும். அந்த விவரமும் அடங்கலோடு ஒத்துப்போக வேண்டும்.

குடும்ப ஓய்வூதியத்தில் கேள்வி சிறியது, தவறு மட்டும் ஓயாமல் நடக்கிறது. கணவர் இறந்தபின் மனைவிக்கு வருவது சம்பளம் அல்ல, மற்ற வருமானம். போர்ட்டலில் தானாக நிரம்பி வரும் விவரம் அதைச் சம்பளமாகக் காட்டினாலும், 75,000 நிலையான கழிவு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது புதிய முறையில் 25,000, பழைய முறையில் 15,000, எது குறைவோ அது. நிலுவை சேர்ந்து வந்திருந்தால் இங்கே 89 நிவாரணம் உண்டு. ரிட்டர்னுக்கு முன்னால் படிவம் 10இ போட்டாக வேண்டும்.

யூடியூப் பணத்தில் முதல் தவறு, வங்கிக்கு வந்த தொகையை வருமானமாகப் போடுவது. அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்குக்கு அங்கே வரி பிடித்திருந்தால், பிடித்ததையும் சேர்த்த மொத்தம்தான் வருமானம். டபிள்யூ-8பென் படிவம் (அமெரிக்கர் அல்லாதவர் கொடுக்கும் வரிப் படிவம்) கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்த விகிதம் கேட்டவர்களுக்கு அந்தப் பங்கில் 15 சதவீதம்தான் பிடிக்கும். அந்தப் படிவத்தையே கொடுக்காதவர்களுக்கு உலகெங்கும் வந்த மொத்த வருவாயிலும் 24 சதவீதம் வரை போகும், ஆகவே முதல் வேலை அதைச் சரிபார்ப்பது. அங்கே பிடித்த வரிக்கு இங்கே வரவு கேட்கப் படிவம் 67 வேண்டும். ஐடிஆர்-4 என்ற சிறு தொழிலுக்கான எளிய ரிட்டர்ன் படிவம் போதாது. வரி பிடித்ததற்கான அமெரிக்கச் சான்றான 1042-எஸ் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது, நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஒரே சான்றை அப்படியே ஒட்டினால் கணக்கு இடிக்கும். ஆட்சென்ஸிலிருந்து மாதவாரி அறிக்கையை இறக்கி, இரண்டு ஆண்டுகளின் சான்றுகளையும் சேர்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கே வரியே பூஜ்யமாகிவிட்டால் அங்கே பிடித்ததைத் திரும்பக் கேட்க முடியாது. அதையும் கிளையன்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் சொல்பவருக்கும் ஒரு வேண்டுகோள். “உண்டு”, “இல்லை” என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். எந்தப் பிரிவு, எந்த உண்மையை நம்பிச் சொல்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். “2013 சட்டத்தின் அவார்டு என்றால் இல்லை, வட்டியைத் தனியே பார்க்கவும்” என்ற ஒரு வாக்கியம் போதும், கேட்பவர் அவார்டைத் திறந்து பார்ப்பார்.

இன்னொன்று. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. 2025-26-இல் வந்த வருமானத்துக்கு 2026-இல் போடும் ரிட்டர்ன் பழைய 1961 சட்டத்தின்படிதான். மேலே சொன்ன எண்களும் அந்தச் சட்டத்தின் எண்களே. அதற்குப் பின் வரும் வருமானத்துக்குப் புதிய எண்கள். சில ஆண்டுகளுக்கு இரண்டு ஃபைல்களும் ஒரே மேசையில் கிடக்கும், ஆகவே கேள்வியின் முதல் வரியிலேயே எந்த ஆண்டின் வருமானம் என்று எழுதிவிடுங்கள்.