ஞாயிற்றுக்கிழமை வாசிப்பவர்களுக்கு ஒரு வியாழன் மாலை

சிறிய இசைப்பள்ளியில் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்துக்குப் பொறுப்பெடுப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது, இங்கே வரும் பிள்ளைகளில் பலருக்கு ஞாயிறு வேலைநாள் என்பதை. காலை ஆராதனைக்குக் கீபோர்டு, அடுத்த ஆராதனைக்குப் பாடகர் குழு, மாலையில் வாலிபர் கூடுகைக்குக் கிட்டார். பிரசங்கம் நடக்கும்போது அடுத்த பாட்டின் ஸ்கேலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஐக்கியமும் அவர்களுக்கு இன்னொரு ரிகர்சலாகிவிட்டால் அது இல்லாமலே இருக்கலாம்.

நாள், வியாழன் நல்லது. வெள்ளியில் பல சபைகளில் ஜெபக்கூட்டம், சனியில் பாடகர் குழுப் பயிற்சி. ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்தால் 5.10க்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள். டீயும் பிஸ்கட்டும் முதலிலேயே, பியானோவுக்கு எட்டாத இடத்தில். கடைசியில் டீ என்றால் ஆறரை வரை இழுக்கும், தூரத்துப் பிள்ளைகள் பஸ்ஸை விடுவார்கள், அடுத்த வாரம் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். நாற்காலிகள் வட்டமாக இருக்கட்டும். மைக் வேண்டாம். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் மைக் வந்துவிட்டால் ஒருவர் பாடகர், மற்றவர்கள் பார்வையாளர்கள்.

பாட்டுக்குப் பதினைந்து நிமிடம், மூன்று பாட்டு. முதல் பாட்டுக்குச் சுருதிப்பெட்டி மட்டும். மற்ற இரண்டுக்கும் ஒரே ஒரு வாத்தியம், அதுவும் கடந்த ஞாயிறு சபையில் வாசிக்காதவர் கையில். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு முதலில் கை துறுதுறுக்கும். சில வாரம் போனால் அதே பிள்ளை கண்ணை மூடிப் பாடுவதைப் பார்க்கலாம்.

தகராறு வருவது கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பதில்தான். வாய்ப்பாட்டு படிக்கும் பையன் ஒரு கட்டையில் (சி) எடுப்பான், பெண் பிள்ளைகள் ஐந்தரை (ஜி ஷார்ப்) கேட்பார்கள். எல்லாரும் சேர்ந்து பாடும்போது மெட்டின் உச்சம் டி, மிஞ்சினால் ஈ ஃபிளாட். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். மேல் ஸ்தாயி அந்தர காந்தாரத்தை, அதாவது மேல் ‘க’வைத் தொடும் கீர்த்தனை ஒரு கட்டையில் ஈ வரை ஏறும். கீழே ஆறரைக்கு, அதாவது பி ஃபிளாட்டுக்கு இறக்கினால் டியில் நின்றுவிடும்.

மாயாமாளவகௌளை ராகக் கீர்த்தனைக்கு வெஸ்டர்ன் மாணவர்கள் பழக்கத்தில் பஞ்சமத்தின் (ப) மேல் மேஜர் கார்டு (மூன்று சுரம் சேர்ந்த ஒலி) போட்டுவிடுவார்கள். சட்ஜம் சி என்று வைத்தால் அந்தக் கார்டில் டி இருக்கிறது, ராகத்தின் ரிஷபமோ டி ஃபிளாட். பாடுகிறவர்களின் ரிஷபம் மெல்ல மேலே ஏறி, இரண்டாம் சரணத்துக்குள் ராகமே குலைந்துபோகும். அங்கே ச-ப மட்டும் பிடித்தால் போதும், கார்டு தேவையே இல்லை.

பாமாலை என்னும் பாட்டுப் புத்தகத்தில் ராகம் (இங்கே மெட்டு) தெரியாத பாட்டு வந்தால் அதே அடியளவுள்ள, அதாவது அடிக்கு அதே எண்ணிக்கை அசையுள்ள, வேறு ராகத்தில் பாடலாம். 8.6.8.6க்கு ராகங்கள் நிறைய. 8.7.8.7இல் எண் பொருந்தியும் ஏமாறுவோம், ஏனெனில் சில ராகங்கள் அழுத்தத்திலேயே தொடங்கும், சில அதற்கு முந்தைய அழுத்தமில்லாத எடுப்பில். மாற்றிப் போட்டால் ‘தேவனே’ என்ற சொல்லில் ‘வ’ தலைதூக்கி நிற்கும். நான்கு குரலில் பாட ஆசை வரும், வரட்டும். ஆனால் முதல் சரணம் எல்லாரும் மெட்டு மட்டும். இல்லையென்றால் சோல்ஃபா (டோ-ரே-மி சுரக்குறிப்பு) தெரிந்தவர்கள் ஆளுக்கொரு குரலைப் பிடித்துக்கொள்ள, புதிதாக வந்த வயலின் மாணவி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி சும்மா நிற்பாள்.

வேதபாடத்துக்கு மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம், 16 வாரம். பரீட்சை மாதத்தில் பிலிப்பியர், நான்கே வாரம். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு மனதில் ஒட்டுவது சங்கீதங்கள்தான். 4ஆம் சங்கீதத்தைத் தலைப்போடு வாசியுங்கள். நெகினோத் என்னும் வாத்தியம், இராகத்தலைவன் என்றெல்லாம் வரும்போது நிமிர்ந்து உட்காருவார்கள். 2ஆம், 4ஆம் வசனங்களின் முடிவில் வரும் ‘சேலா’ என்னும் சொல்லை விழுங்கிவிடாமல், அங்கே இருபது நொடி மௌனமாக இருங்கள். முதல் தடவை விரலால் தாளம் எண்ணுவார்கள். பிறகு விரல் நின்றுவிடும்.

ட்ரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு இசைத்தேர்வு முடிவுகள் வரும் வாரம் மிகுந்த கவனம் வேண்டும். நூற்றுக்கு 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ‘கர்த்தர் எனக்கு 91 தந்தார்’ என்று ஒரு பிள்ளை சாட்சி சொன்னால், பக்கத்தில் 58 வாங்கிய பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும்? அந்த வாரம் பொதுச் சாட்சி வேண்டாம், இரண்டிரண்டு பேராக ஜெபிக்கட்டும். ஜெபக்குறிப்புச் சீட்டில் பெயர் எழுதக் கூடாது, முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். வாத்தியாரைப் பற்றிய மனக்குறை ஜெபக்குறிப்பாக வந்தால், சின்னப் பள்ளியில் மறுநாள் காலைக்குள் அது அவர் காதுக்குப் போய்விடும்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து, திறந்த கதவு, இரண்டு பெரியவர்கள். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஹார்மனி கேட்கவென்றே பிற மதப் பிள்ளைகளும் வருவார்கள். அன்போடு உட்கார வையுங்கள், ஜெபிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். ஐக்கியத்தை நடத்துகிறவர் வகுப்பும் எடுக்கிறவரானால் தன் மாணவர்களை அவராக அழைக்கவே கூடாது. வாத்தியார் கூப்பிட்டால் மறுக்கப் பிள்ளைகளுக்கு வாய் வராது.

கிளம்புமுன் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுக்காக இரண்டு அரைச்சுரம் இறக்கியது அப்படியே நின்றால், காலையில் முதல் கிரேடு குழந்தை சி அழுத்தும், பி ஃபிளாட் ஒலிக்கும். சில மாடல்களில் அணைத்துப் போட்டாலே சரியாகிவிடும். ரெஜிஸ்ட்ரேஷனில் (செட்டிங்கைச் சேமிக்கும் இடம்) பதிந்திருந்தால் அதை அழைக்கும்போதெல்லாம் திரும்ப வரும், அங்கேயும் மாற்றிவிட்டு மூடுங்கள்.