பழைய டச்சுப் பக்தி நூல்களில் தற்கொலைத் தடுப்பைத் தேடுவது

மனமொடிந்து உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறவரைத் தடுப்பதற்காக 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் எழுதப்பட்டவற்றைத் தேடுகிறவர், தற்கொலை என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார். ‘ஸெல்ஃப்மோர்ட்’ என்ற அந்தச் சொல் தலைப்புகளில் அரிது. துக்கத்தில் இருப்பவர் வீட்டு மேசைமேல் கிடக்க வேண்டிய புத்தகத்தின் முகப்பில் அதை யார் அச்சிடுவார்? அரிய நூல் பிரிவில் பட்டியலிடும் வேலை தொடங்குவது இங்கேதான். அந்தக் காலத்து மனிதர்கள் இந்த வேதனையை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘ஸ்வார்மூடிக்ஹைட்’ என்பது ஒரு சொல். ஸ்வார் என்றால் பாரம், மூட் என்றால் மனம். நம் ‘மனபாரம்’ அப்படியே பொருந்துகிறது. நம்பிக்கை அற்றுப்போன நிலைக்கு ‘வான்ஹோப்’, சோதனையால் தாக்கப்படுவதற்கு ‘ஆன்ஃபெக்டிங்’, கடவுள் தன்னை விட்டுப் போய்விட்டார் என்ற உணர்வுக்கு ‘ஃபெர்லாட்டிங்’. கடைசிச் சொல்லை வைத்தே ஒரு முழு நூல் இருக்கிறது. யூட்ரெக்ட் பேராசிரியர் கிஸ்பெர்டஸ் ஃபூட்டியஸ் தொடங்கி, யோஹன்னஸ் ஹோர்ன்பேக் முடித்து, 1646இல் வெளிவந்த ஆன்மிகக் கைவிடப்படுதல் பற்றிய நூல் அது. இந்த நான்கு சொற்களையும், இஸட்டுக்குப் பதில் எஸ் போட்ட பழைய எழுத்துக்கூட்டலையும் சேர்த்துத் தேடினால்தான் அலமாரி திறக்கும்.

ஆழ்ந்த மனச்சோர்வைக் குறிக்கும் ‘மெலன்கோலி’ என்ற சொல்லுக்கு வேறொரு கனமும் உண்டு. டச்சுக் குடியரசில் தன்னுயிரை மாய்த்துக்கொள்வது குற்றம். தண்டனைக்குத் தப்ப அப்படிச் செய்தவரின் உடலைக் கல்லறைக்குப் போகவிடாமல் தூக்குமர மைதானத்துக்கு இழுத்துச் செல்வது உண்டு. நோயாலோ மனநோவாலோ இறந்தார் என்று முடிவானால் பெரும்பாலும் அமைதியாக அடக்கம் செய்ய விட்டார்கள். ஆகவே மெலன்கோலி என்பது மருத்துவச் சொல்லாக மட்டும் நிற்கவில்லை. ஒரு குடும்பத்தின் மானமே அதில் தொங்கியது. பட்டியலில் நூல் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்பை எழுதும்போது அதை வெறும் ‘சோகம்’ என்று மாற்றிவிட்டால் இந்த வரலாறு முழுவதும் கழன்று போகும்.

தலைப்பு கைகொடுக்காத இடத்தில் விவிலியப் பெயர்கள் கைகொடுக்கும். நூலின் கடைசியில் பெயரடைவு இருந்தால் விவிலியத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட சவுல், அகித்தோப்பேல், யூதாஸ் என்ற மூன்று பெயர்களைப் பாருங்கள். மூன்றும் அடுத்தடுத்த பக்கங்களைக் காட்டினால் அங்கே இந்தப் பேச்சு நடக்கிறது என்று கொள்ளலாம். அதைவிட நல்ல அடையாளம் ‘ஸ்டோக்பெவார்டர்’. 1637இல் அச்சான டச்சு அரசுப் பைபிள், பிலிப்பி நகரச் சிறைக்காவலரை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து அவர் வாளை உருவ, அங்கே சிறைப்பட்டிருந்த அப்போஸ்தலர் பவுல் இருட்டுக்குள்ளிருந்து சத்தமிடுகிறார்: உனக்கு நீயே தீங்கு செய்யாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் 16:28. சவுல், அகித்தோப்பேல், யூதாஸ் மூவரும் எச்சரிக்கை உதாரணங்கள், காவலர் பிழைத்தவர். அந்த மூவரோடு நிறுத்திக்கொள்ளும் நூல் பயமுறுத்துகிறது. காவலரையும் கொண்டுவரும் நூல் கையை நீட்டுகிறது. குறிப்புப் பகுதியில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதி வைப்பது ஆய்வாளருக்குப் பெரிய உதவி.

சீர்திருத்தச் சபைகளின் கேள்வி-பதில் போதனை நூலான ஹைடல்பெர்க் ஞானோபதேசத்தின் 105ஆம் கேள்வியையும் விடக் கூடாது. கொலை செய்யாதே என்ற கட்டளைக்கான விளக்கம் அது. என்னை நானே காயப்படுத்தவோ வேண்டுமென்றே ஆபத்தில் தள்ளவோ கூடாது என்று அதில் வருகிறது. நெதர்லாந்தின் சீர்திருத்தச் சபைகளில் ஆண்டு முழுவதும் ஞாயிறுதோறும் முறைவைத்து விளக்கப்பட்ட நூல் அது. இந்தக் கேள்வி வரும் 40ஆம் ஞாயிற்றுக்கான பிரசங்கம் எந்தத் தொகுப்பில் இருந்தாலும் திறந்து பார்க்க வேண்டும்.

இந்த நூல்கள் அரிதாகிப் போனதற்குக் காரணம் எளிது. கையடக்கமாக, எண்மடி அல்லது பன்னிருமடி அளவில், அதாவது ஓர் அச்சுத்தாளை 8 அல்லது 12 தாள்களாக மடித்து, அச்சானவை. படித்துப் படித்தே கிழிந்தன, பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றைச் சேர்க்க மெனக்கெடவில்லை. பிழைத்தவற்றில் பல, நாலைந்து சிறு நூல்களை ஒரே அட்டைக்குள் தைத்த கூட்டுக்கட்டில்தான் இருக்கின்றன. பழைய அட்டைப் பட்டியலில் முதல் நூலின் பெயர் மட்டும் இருக்கும், மற்றவை இல்லாதது போலவே ஆகிவிடும். விவிலியச் சங்கீதங்களைப் பாடும் புத்தகத்தின் பின்புறத்தையும் புரட்ட வேண்டும். கொர்னேலிஸ் ஃபான் ஹில்லே எழுதிய ‘நோயாளர் ஆறுதல்’ அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களிலும் கோட்டைகளிலும் ‘சீக்கன்ட்ரோஸ்டர்’ என்று ஒரு தேற்றுநரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. 1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்கு வந்தபின் இந்த ஊழியம் அங்கும் வந்தது.

நூல் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கப் பக்க எண்களை நம்பாதீர்கள், அவற்றில் அச்சுப்பிழை சகஜம். ஒன்றாக மடித்துத் தைத்த தாள்கட்டு ஒவ்வொன்றும் ஒரு மடிப்பு, அதன் வரிசையைக் காட்டப் பக்கத்தின் அடியில் ஏ, ஏ2, ஏ3 என்று வரும் மடிப்புக் குறிகளை எண்ணுங்கள். எண்மடியில் ஒரு மடிப்புக்கு 8 தாள், 16 பக்கம். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தாள் வார்த்த அச்சின் கம்பிகள் பதித்த, அகன்ற இடைவெளிவிட்ட சங்கிலிக் கோடுகள் நெடுக்காகத் தெரியும். பன்னிருமடியில் 12 தாள், 24 பக்கம், கோடுகள் பெரும்பாலும் குறுக்காக ஓடும். எண்மடியில் ஜோடித் தாள்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 9 வரும்: 1உம் 8உம், 2உம் 7உம். 7ஆம் தாள் காணாமல் போயிருந்தால் 2ஆம் தாள் தையலில் ஆடும், சில வேளை ஒட்டித்தான் வைத்திருப்பார்கள். மடிப்புக் குறியில் 23 எழுத்துகள்தான், ஜேயும் டபிள்யூவும் வராது, யூவும் வியும் ஒரே எழுத்து. இது தெரியாமல் ஜே மடிப்பு இல்லை என்று குறைப்பிரதி முத்திரை குத்தப்பட்ட முழுப் பிரதிகள் உண்டு.

பிறகு நெதர்லாந்து குறுந்தலைப்புப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். 1540 முதல் 1800 வரை அச்சான 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் அதில் உள்ளன. பெரும்பாலானவற்றுக்கு ‘விரல்ரேகை’ எடுத்திருக்கிறார்கள்: ஆண்டு, மடி அளவு, பிறகு குறிப்பிட்ட மடிப்புக் குறிகளுக்கு நேர் மேலே நிற்கும் கடைசி வரி எழுத்துகள். மறுபடி அச்சுக் கோத்தால் அந்த எழுத்துகள் நகர்ந்துவிடும். அதனால் இரண்டு பதிப்புகள் ஒரே தலைப்போடு வந்தாலும் பிடிபடும். தடித்த கோதிக் எழுத்தில் குறிக்கு மேலே நிற்பது, பார்வைக்கு எஃப் போலவே இருக்கும் பழைய நீள எஸ்ஸா, எஃப்பேதானா என்பதில்தான் அதிகம் சறுக்குகிறது. குறுக்குக்கோடு தண்டின் வலப்பக்கம் தாண்டினால் எஃப், தாண்டாவிட்டால் எஸ். கணினியும் இதே இடத்தில்தான் தடுமாறும். மின்வருடிய நூல்களில் ‘ஃபெல்ஃப்மோர்ட்’ என்று வேண்டுமென்றே தவறாகத் தேடினால், சரியான சொல்லுக்குச் சிக்காதவையும் வந்து விழும்.

வெள்ளைத் தோல் அட்டை ஈரப்பதம் மாறினால் முறுக்கிக்கொள்ளும். அதை வலுவில் தட்டையாக்க முயன்றால் மூட்டு பிளக்கும். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி, ஏறி இறங்காமல் இருக்கட்டும். திறக்கும்போது இருபுறமும் நுரை ஆப்பு வைத்து 90 பாகையோடு நிறுத்துங்கள். கையுறை வேண்டாம், கழுவி உலர்த்திய கை போதும். துணிக்கு மெல்லிய தாளின் விளிம்பு தெரியாது.

கடைசியாக வெற்றுத்தாள்கள். முன்னும் பின்னும் மை மங்கிப் போன கிறுக்கல்கள் இருக்கும்: உடைமையாளர் பெயர், குழந்தைகள் பிறந்த நாள், இறந்த நாள், யார் யாருக்குக் கொடுத்தார் என்பது. வாசிக்க முடிந்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே பெயர்த்து எழுதுங்கள், வாசிக்க முடியாத இடத்தில் எத்தனை எழுத்து விடுபட்டது என்று குறியுங்கள். அச்சுப் பிரதி வேறொரு நூலகத்தில் கிடைக்கலாம், இந்தக் கையெழுத்து வேறெங்கும் கிடைக்காது.