நிற்கத் தெரிந்த தறி

2003-ல் டிப்ளமா முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சி.என்.சி. எனும் கணினிவழி இயங்கும் மெஷினுக்கு ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வார விடுமுறைக்குத் திருவல்லிக்கேணியில் நண்பன் அறைக்குப் போவேன். பாரதி சாலை நடைபாதையில் பரப்பியிருக்கும் பழைய புத்தகங்களைக் கிளறுவதில் ஞாயிறு காலை கழியும். அப்படி ஒரு நாள் பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்தது, சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘செல்ஃப் ஹெல்ப்’. முன்னட்டை இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வாசித்தேன்.

ஸ்மைல்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். படித்தது மருத்துவம், பல வருடம் பார்த்தது ரயில்வே கம்பெனிகளில் செயலாளர் உத்தியோகம். லீட்ஸ் நகரத்தில் வேலை முடிந்த மாலை வேளைகளில் கூடிப் படித்த இளம் தொழிலாளர்களுக்கு அவர் பேசிய பேச்சுதான் 1859-ல் இந்தப் புத்தகமாக வளர்ந்தது. காய்த்துப்போன கைகளோடு வேலை செய்தவர்களுக்குச் சொன்னது என்பதாலோ என்னவோ, எனக்கும் நெருக்கமாக இருந்தது. பாலிசி என்ற பிரெஞ்சுக் குயவரின் கதை அதில் வரும். மெருகுப் பூச்சு உருகுவதற்குள் விறகு தீர்ந்துபோக, வீட்டு மேசை நாற்காலிகளை உடைத்து அடுப்பில் போட்டவர். அதை எத்தனை இரவு படித்தேன் என்று கணக்கில்லை. எந்த நிலையிலும் நிறுத்தாதே. புத்தகம் சொல்வது அதுதான் என்று பிடித்துக்கொண்டேன்.

சேர்ந்து ஒன்றரை வருடம் இருக்கும். மூன்றாம் ஷிஃப்ட், விடியற்காலை மூன்று மணி. 20 மி.மீ. துளை போடும் வேலை. துளை 20-க்குக் கீழே போகக் கூடாது, மேலே 21 மைக்ரான், அதாவது 0.021 மி.மீ. வரைதான் போகலாம். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத இடைவெளி அது. வெட்டும் முனையான இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும். அதற்கு ஈடாக மெஷினில் ஆஃப்செட் என்ற திருத்த அளவைக் கொடுக்க வேண்டும். 0.003 போட வேண்டிய இடத்தில் நான் 0.03 போட்டுவிட்டேன். இருபத்தைந்து பீஸுக்கு ஒருமுறைதான் துளையின் அளவைச் சோதிக்கும் கேஜைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அடுத்த முறை பார்த்தபோது, உள்ளே போகவே கூடாத ‘நோ கோ’ பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

பெரிதாகிவிட்ட துளையைச் சரிசெய்ய வழியே கிடையாது. கையில் இருந்தது போக மற்ற இருபத்து நான்கும் ஏற்கெனவே நல்ல பீஸ்களோடு டிராலியில் கலந்திருந்தன. கூப்பிட்டிருந்தால் டிராலி முழுவதையும் நிறுத்தி வைத்து அளந்திருப்பார்கள், இரண்டு மணி நேரம் போயிருக்கும், ஷிஃப்ட் டார்கெட் போயிருக்கும். கையில் இருந்த ஒரு பீஸை மட்டும் ஸ்கிராப் பெட்டியில் போட்டேன். ஆஃப்செட்டைத் திருத்தினேன். சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தினேன். காலையில் டார்கெட் முடித்த ஆள் என்று பலகையில் என் நம்பர் இருந்தது.

மூன்றாவது வாரம் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் பேரிங் துளையில் பிடிக்காமல் சுழன்றது. மொத்த லாட்டையும் ஒன்றுவிடாமல் அளக்க வேண்டும் என்று உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒருவருக்கு அன்று தங்கை மகளின் காதுகுத்து. அவர் குனிந்து கேஜைப் போட்டு எடுப்பதை இரண்டு மணி நேரம்தான் என்னால் பார்க்க முடிந்தது. சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு வந்தவர் எங்கள் தொழிற்சாலைக்கு ஆலோசகராக இருந்த ஜப்பானியர், அறுபதைத் தாண்டியவர். மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேச்சு. யார் செய்தது என்ற கேள்வியே அவர் வாயில் வரவில்லை. டொயோட்டாவின் தைச்சி ஓனோ பழக்கப்படுத்திய ஐந்து ‘ஏன்’களை ஒவ்வொன்றாகக் கேட்டார். துளை ஏன் பெரிதானது? ஆஃப்செட் தப்பு. தப்பு ஏன் அப்போதே தெரியவில்லை? மாற்றியபின் வந்த முதல் பீஸை அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை? கேஜ் ஷெட்டின் மறுகோடியில் குவாலிட்டி அறையில் இருந்தது. ஏன் அங்கே? இருந்தது ஒரே கேஜ், நான்கு மெஷினுக்கும் அதுதான். இதுவரை சுலபம். மறு வாரமே மெஷின் பக்கத்தில் கேஜும் ஒரு சிவப்புத் தட்டும் வந்துவிட்டன. ஆஃப்செட் மாற்றினால் முதல் பீஸ் தட்டில் உட்கார வேண்டும், அளந்த பிறகுதான் டிராலிக்கு.

கடைசிக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. “அன்றைக்கு ராத்திரி ஏன் யாரையும் கூப்பிடவில்லை?”

விசாரணைப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து, ஒரு தச்சர் மகனின் கதையைச் சொன்னார்.

சகிச்சி டொயோடா 1867-ல் பிறந்தவர். ஊர் இன்றைய ஷிசுஓக்கா மாகாணத்தில். அம்மா கைத்தறியில் மாய்வதைப் பார்த்து வளர்ந்த பையன், தறியைத் திருத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அவரை உலுக்கிய புத்தகங்களில் ஒன்று, நகமுரா மசனாவோ 1871-ல் ஜப்பானிய மொழியில் கொண்டுவந்த ஆங்கில நூல். எழுதியவர் பெயரை மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பாரதி சாலைப் புத்தகம்!

அதே புத்தகம்தான். ஆனால் அதைப் படித்த அந்த மனிதர் செய்து வைத்தது என்ன? நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறி. சாதாரண விசைத்தறி, குறுக்கு நூலான ஊடை அறுந்தது தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஓடுகிற நீளமெல்லாம் பழுதுத் துணி. பக்கத்திலேயே ஓர் ஆள் கண்கொட்டாமல் நிற்க வேண்டும். சகிச்சியின் தறி தன் குறையைத் தானே அறிந்து நிற்கும். 1924-ல் அவரும் மகன் கிச்சிரோவும் முடித்த ஜி வகைத் தறி, வேகம் குறையாமலே, ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவையும் மாற்றிக்கொண்டது. ஒரே ஆள் முப்பது தறிக்கு மேல் பார்க்க முடிந்தது. 1929-ல் அதன் உரிமையை விலைக்கு வாங்கியது இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்து பிளாட் பிரதர்ஸ். இங்கிலாந்திலிருந்து போன ஒரு புத்தகம் தறியாக வீடு திரும்பியதாகவே எனக்குப் படுகிறது. மகன் 1937-ல் தொடங்கிய கார் கம்பெனியில் இந்த நிற்கும் குணத்துக்கு ‘ஜிடோகா’ என்று பெயர். தானியங்கி என்பதற்கான சொல்தான். நடுவில் உள்ள எழுத்தின் பக்கத்தில் ‘மனிதன்’ என்ற குறியைச் சேர்த்து எழுதுகிறார்கள். உச்சரிப்பு மாறாது.

அன்றிரவு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பாலிசி நாற்காலியை உடைத்ததை மட்டும்தான் நான் படித்திருந்தேன். ஒவ்வொரு சூளைக்குப் பிறகும் பாழான பானைகளை முன்னால் வைத்துக்கொண்டு எங்கே பிசகியது என்று பார்த்தவரும் அவர்தானே. அந்தப் பக்கங்கள் என் கண்ணில் படவே இல்லை. வெற்றியைப் பற்றிய புத்தகத்தில் நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்வது எவ்வளவு எளிது!

மறுநாள் அந்தக் காலிக் கட்டத்தில் ‘பயம்’ என்று எழுதிக் கொண்டுபோனேன். சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்தார். போன மாதம்தான் லைனை நிறுத்திய ஒரு பையனை எல்லார் முன்னாலும் கண்டபடி பேசியிருந்தார். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘பயம்’ என்பதற்குக் கீழே, ‘ஏன்?’ என்று எழுதி, அதற்கு நேராகத் தன் பெயரை எழுதினார். “கொண்டு போய்க் குடு தம்பி,” என்றார்.

தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றங் காண்கிற்பின்
என்குற்ற மாகும் இறைக்கு

பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த குறள். ‘இறை’ என்றால் அரசன் என்று உரை சொல்லும். எனக்கு அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு மசி படிந்த நீலச் சட்டையும் சட்டைப் பையில் ஒரு பேனாவும்தான் உருவம். இருபது வருடத்தில் பல மேலாளர்களைப் பார்த்துவிட்டேன். அவரளவுக்கு உயர்ந்த ஒருவரை இன்னும் சந்திக்கவில்லை.

ஜப்பான்காரர்கள் என்றாலே இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டு 2023 டிசம்பரில் தன் எல்லா கார்களின் அனுப்புகையையும் நிறுத்தியது. முறைகேடு 64 மாடல்களில் நடந்திருந்தது. மிக இறுக்கமான கால அட்டவணையின் அழுத்தத்தில் ஊழியர்கள் அப்படிச் செய்ததாக விசாரணைக் குழு சொன்னது. செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த விடியற்காலை மூன்று மணி ஞாபகத்துக்கு வந்தது. நின்ற தறியின் வாரிசுகளுக்கே இப்படி நேர்கிறதென்றால், இது ஒரு நாட்டின் பிறவிக் குணம் இல்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது ஒருவர் புதிதாகச் செய்து காட்ட வேண்டியது.

இப்போது நான் லைன் இன்சார்ஜ். போன மாதம் இரவு ஷிஃப்டில் பன்னிரண்டாவது மெஷினுக்கு மேல் மஞ்சள் விளக்கு எரிந்தது. விளக்கைப் போட்டது திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வாரமே ஆன அப்ரென்டிஸ் பெண்.

“சார், கேஜ் உள்ள போகவே இல்ல சார். நான் ஏதாச்சும் தப்பா பண்ணிட்டனான்னு…”

வாங்கிப் பார்த்தேன். துளைக்குள் ஓர் இரும்புச் சீவல் ஒட்டியிருந்தது. ஏர் கன்னால் ஊதியதும் கேஜ் ஒழுங்காக இறங்கியது. பீஸ் நல்ல பீஸ். நான்கு நிமிடம் போயிருந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

“சும்மா உங்கள வரவச்சுட்டேன் சார்.”

“கூப்பிட்டது நல்லதும்மா. அடுத்த தடவையும் கூப்பிடு.”

நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்தாள். விளக்கை அணைத்தாள். அடுத்த பீஸை எடுத்து, நான் சொல்லாமலே, சிவப்புத் தட்டில் வைத்துவிட்டுக் கேஜைத் துடைக்க ஆரம்பித்தாள்.